யார் எந்தக் கூட்டம்? - 6: எலிகளோடு ஒரு காண்டாமிருகம்

முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்ற பிரிவினை போன வாரமே முடிந்தது. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தவளைக்கும் பல்லிக்கும் என்ன வித்தியாசம் என்பது இந்த வாரத்துக்கான வாக்கு. அதற்குள் ஒரு காண்டாமிருகம் குறுக்கே வந்துவிட்டது.

ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் 1758-இல் தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு இன்றைக்கும் அந்தப் பதிப்புதான் பிள்ளையார் சுழி. பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள், பூச்சிகள், புழுக்கள் என்று மொத்தம் ஆறு வகுப்புகள். முந்தைய பதிப்புகளில் மீன்களோடு கிடந்த திமிங்கிலத்தை இதில்தான் பாலூட்டிகளிடம் கொண்டுவந்து சேர்த்தார். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. மீன் மாதிரி உடம்பு இருந்து என்ன?

இவ்வளவு கெட்டிக்காரர், அதே புத்தகத்தில் காண்டாமிருகத்தை எங்கே வைத்தார் தெரியுமா? எலி, அணில், முயல், முள்ளம்பன்றியோடு!

கிண்டலுக்குச் செய்ததல்ல. பாலூட்டிகளைப் பிரிக்க அவர் முக்கியமாக நம்பியது பல்லை. வாயைத் திற, முன்பற்களை எண்ணு, கூட்டத்தைச் சொல். மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள் என்றால் கொறிக்கும் கூட்டம். இந்தியக் காண்டாமிருகத்துக்கு முன்பற்கள் உண்டு. கீழ்த்தாடையில் இருப்பவை கூராக நீளும். சண்டை வந்தால் அது கொம்பைவிட இந்தப் பற்களைத்தான் அதிகம் நம்பும். ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்களுக்கோ முன்பற்களே கிடையாது. பல்லை மட்டும் பார்த்தால் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்தக் காலத்து ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் காண்டாமிருகத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். நேரில் பார்க்க வைத்தவள் கிளாரா. வங்காளத்தில் வளர்ந்த இந்தக் காண்டாமிருகக் குட்டியை டச்சுக் கப்பல் தலைவர் டௌவ மௌட் 1741-இல் கப்பலேற்றி ஹாலந்துக்குக் கொண்டுபோனார். பிறகு பெர்லின், வியன்னா, பாரிஸ் என்று ஊர் ஊராகக் காட்சி. அரசர்களும் வந்து பார்த்தார்கள், காசு கொடுத்துப் பொதுமக்களும் பார்த்தார்கள். 1751-இல் வெனிஸ் நகரத்துக்கு வந்தபோது பியெத்ரோ லோங்கி என்ற ஓவியர் அவளை வரைந்தார். படத்தில் கிளாரா நிதானமாக வைக்கோல் மென்றுகொண்டிருக்கிறாள். பின்னால் சாணம் கிடக்கிறது. மூக்கின் மேல் கொம்பு இல்லை. கழன்று விழுந்த கொம்பு, பக்கத்தில் நிற்கும் ஆள் உயர்த்திப் பிடித்த கையில் இருக்கிறது! கிளாரா லண்டனில் இறந்தது 1758-இல், அதாவது லின்னேயஸின் பத்தாம் பதிப்பு வந்த அதே ஆண்டில்.

காண்டாமிருகத்தின் இன்றைய சொந்தக்காரர்கள் குதிரையும் தபீரும். காலைப் பார்த்தால் விளங்கும். காண்டாமிருகத்துக்குக் காலுக்கு மூன்று விரல்கள். குதிரைக்கு ஒன்றே ஒன்று. இரண்டிலும் உடம்பின் பாரத்தை முக்கியமாகத் தாங்குவது நடுவிரல். மரபணுச் சோதனையும் இந்த உறவை உறுதிசெய்துவிட்டது.

யானைக்கும் இதே பல் கணக்குதான். முன்பல் இல்லாதவை என்று லின்னேயஸ் சேர்த்த கூட்டத்தில் யானை, அலங்கு, எறும்புதின்னி, ஸ்லாத், மனாட்டி எல்லாம் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், யானையின் தந்தங்களே நீண்டு வளர்ந்த மேல் வெட்டுப்பற்கள்தான். காரணம் தப்பு, ஆனாலும் ஒரு விடை சரி: கடலில் புல் மேயும் மனாட்டி உண்மையிலேயே யானைக்கு நெருங்கிய சொந்தம். நம் பாக் விரிகுடாவில் மேயும் கடற்பசுவும் அந்தக் குடும்பத்து உறவுதான். அதற்காகவே தமிழக அரசு 2022-இல் அங்கே 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

தவளை, பல்லி விவகாரம் அடுத்த வாரம். லின்னேயஸ் இரண்டையும் ஒரே வகுப்பில்தான் போட்டார். கூடவே பாம்பு, ஆமை, முதலை. போதாதென்று சுறாவையும் அதே இடத்துக்கு இழுத்துவந்தார். அதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

(தொடரும்)