சிசுவை இழந்த பெற்றோருக்கு செவிலியர் ஆற்றக்கூடிய பணி என்ன? ஒரு விளக்கம்

புதுடெல்லி: கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பு நின்றுவிட்டதை ஸ்கேன் பரிசோதனை உறுதிப்படுத்திய பிறகும், அந்தப் பெண் பிரசவ வலியைத் தாங்கியே ஆகவேண்டும். அழுகுரல் கேட்காத அந்தப் பிரசவத்தின்போதும், அதைத் தொடர்ந்து வரும் நாள்களிலும் அவர் அருகே அதிக நேரம் இருப்பவர் மருத்துவர் அல்லர், செவிலியரே. அந்த நேரத்தில் செவிலியர் கூறும் சொல்லையும் செய்யும் செயலையும் பெற்றோர் நெடுங்காலம் மறப்பதில்லை.

ஐ.நா. அமைப்புகள் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 19 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்தன. இந்தியாவில் மட்டும் இந்த எண்ணிக்கை சுமார் 3.4 லட்சம். வேறு எந்த நாட்டிலும் இத்தனை இழப்புகள் பதிவாகவில்லை. கர்ப்பத்தின் 28-ஆவது வாரமும் அதற்குப் பிறகும் நேர்ந்த இழப்புகள் மட்டுமே இதில் அடங்கும். மாதிரிப் பதிவு முறையின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 19 பேர் முதல் 28 நாள்களுக்குள் இறக்கின்றனர். தொடக்க மாதக் கருச்சிதைவுகள் இவ்விரு கணக்கிலும் இல்லை.

இந்த இறப்புகளை 2030-க்குள் ஒற்றை இலக்க விகிதத்துக்குக் குறைப்பதே 2014-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பச்சிளங் குழந்தைகள் செயல்திட்டத்தின் இலக்கு. தடுப்பு முயற்சிக்கு இவ்வாறு தெளிவான இலக்கு உண்டு. ஆனால் இழப்பு நேர்ந்துவிட்டால் பெற்றோருக்குக் கிடைக்கும் கவனிப்பு, அன்று பணியில் இருக்கும் செவிலியரின் மனப்பாங்கையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

சொல்லும் சிகிச்சையே

குழந்தை இறந்துவிட்டது எனத் தெரிந்ததும், "உடனே அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடுங்கள்" என்று குடும்பத்தினர் கேட்பது வழக்கம். தாயின் உடல்நலத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இயல்பான பிரசவமே பெரும்பாலும் பாதுகாப்பானது. இதைப் பொறுமையாக விளக்குவதும், வலி நிவாரண மருந்து உண்டு என்று தெரிவிப்பதும் செவிலியரின் முதல் பணி. குழந்தை உயிருடன் இல்லை என்பதற்காக வலி குறைந்துவிடுவதில்லை.

மருத்துவக் குறிப்புகளில் இடம்பெறும் ஓர் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கருத்தரிப்பின் விளைபொருள்' என்று வரும். தமிழில் எழுதிப் பார்த்தாலே அதன் கடுமை புரிகிறது. தானாக நேரும் கருச்சிதைவையும் 'அபார்ஷன்' என்றே பல மருத்துவமனைகள் குறிக்கின்றன. வேண்டிப் பெற்ற கருவை இழந்த பெண்ணின் காதில், அவரே விரும்பிக் கலைத்துவிட்டார் என்பதுபோல அச்சொல் ஒலிக்கும். குறிப்பேட்டில் எழுதுவது எதுவாயினும், படுக்கையருகே 'உங்கள் குழந்தை' என்று கூறுவதே முறை.

"இளம் வயதுதானே, அடுத்தது பிறக்கும்", "எல்லாம் நன்மைக்கே" போன்ற ஆறுதல்கள், எண்ணம் நல்லதாயினும், இறந்த குழந்தையை ஒரு பொருட்டாகக் கருதாதவை. "நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன், நான் இங்கேயே இருக்கிறேன்" என்பது போதும். கருச்சிதைவுக்குள்ளான பெண்களிடம் ஆய்வு செய்து தம் பராமரிப்புக் கோட்பாட்டை வகுத்த அமெரிக்கச் செவிலிய அறிஞர் கிறிஸ்டன் ஸ்வான்சன், அதன் ஐந்து கூறுகளில் ஒன்றாக 'உடனிருத்தலை' வைத்துள்ளார்.

படுக்கை எங்கே ஒதுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் தனி அறை தருவது எளிதன்று. எனினும், கைக்குழந்தைகளுடன் இருக்கும் தாய்மார்களின் வரிசையிலிருந்து விலகிய ஒரு படுக்கை அல்லது ஒரு திரை, அதுவும் இயலாதெனில் பணி மாறும் செவிலியர்களுக்கு முன்கூட்டியே தகவல் தருவது ஆகியவை செலவில்லாதவை. விவரம் அறியாமல் வந்து "குழந்தை பால் குடித்ததா?" என்று கேட்கும் ஒரு கேள்வியையேனும் இவை தடுக்கும்.

குழந்தையைப் பார்க்கலாமா?

வட இந்தியா உள்பட நாட்டின் பல பகுதிகளில் இறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டுவதில்லை. தாய் வார்டில் இருக்கும்போதே ஆண்கள் உடலைப் பெற்று அடக்கம் செய்துவிடுகின்றனர். பார்த்தால் துயரம் பெருகும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். குழந்தையைப் பார்ப்பதும் ஏந்துவதும் மனநலத்தில் ஏற்படுத்தும் விளைவு குறித்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆகவே கட்டாயப்படுத்தக் கூடாது, மறுக்கவும் கூடாது. குழந்தை எப்படி இருக்கும், தோலின் நிறம் மாறியிருக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லி, தாயிடமே விருப்பத்தைக் கேட்க வேண்டும். முதலில் வேண்டாம் என்றவர் சற்று நேரம் கழித்துக் கேட்கக்கூடும். குழந்தையைச் சுத்தம் செய்து துணியில் சுற்றித் தருவதும், பெற்றோர் விரும்பினால் கால்தடம் பதித்துத் தருவதும் செவிலியரால் இயலும்.

பச்சிளங் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இறக்கும்போது நிலைமை சற்று வேறுபடும். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் உருவான, பெற்றோரையும் பராமரிப்பில் ஈடுபடுத்தும் முறைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இம்முறை நடைமுறையில் உள்ள இடங்களில், குழந்தையைத் தொட்டுப் பராமரித்த நினைவாவது பெற்றோருக்கு எஞ்சும்.

பால் சுரக்கும்போது

பல பெண்களுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. குழந்தை இல்லாவிட்டாலும் பிரசவமான இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் பால் சுரக்கும். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் நேரும் இழப்பிலும் இது நிகழலாம். வீடு திரும்பியபின் திடீரென மார்பு கனத்து, ஆடை நனையும்போது தாய் நிலைகுலைகிறார். குளிர்ந்த ஒத்தடம், பொருத்தமான உள்ளாடை, வலி மாத்திரை ஆகியவற்றுடன் பாலைத் தேவையின்றிப் பீய்ச்சாதிருந்தால் சில நாள்களில் சுரப்பு தணியும். சுரப்பை நிறுத்த கேபர்கோலின் மாத்திரை உண்டு. ஆனால் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று என்பதால் மருத்துவர் பரிந்துரை அவசியம். சில தாய்மார்கள் பாலைத் தானமளிக்க விரும்பலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்று பல மாநிலங்களில் இத்தகைய வங்கிகள் உள்ளன. உரிய பரிசோதனைகளுக்குப் பிறகே பால் பெறப்படும்.

ரத்த வகை நெகட்டிவ் ஆக உள்ள தாய்க்குத் தேவைப்படும் ஆன்டி-டி ஊசியும் துயரத்தின் பரபரப்பில் விடுபடக் கூடாது. அதை 72 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

பதிவும் விடுப்பும்

28 வாரங்களுக்குப் பின் இறந்து பிறந்த குழந்தையின் விவரத்தைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். உயிருடன் பிறந்து சில நிமிடங்களே வாழ்ந்த குழந்தை என்றால் பிறப்பு, இறப்பு இரண்டும் தனித்தனியே பதிவாக வேண்டும். மருத்துவமனையில் நிகழ்ந்தால் 21 நாள்களுக்குள் தகவல் அளிப்பது அதன் பொறுப்பாளரின் கடமை. ஆயினும் படிவங்களுக்காக அலைபவர் பெரும்பாலும் தந்தையே. அடக்கம், கட்டணம், உறவினரின் தொலைபேசி அழைப்புகள் அனைத்தையும் அவரே கவனிப்பதால், அவருக்கும் துயரம் உண்டு என்பதை எவரும் கேட்பதில்லை.

கருச்சிதைவுக்குள்ளான பெண் பணியாளருக்கு ஊதியத்துடன் ஆறு வார விடுப்பு அளிக்க 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வகை செய்தது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்த 28 நாள்களுக்குள் இறந்தாலோ மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு வழங்கும் ஆணை 2022 செப்டம்பரில் வெளியானது. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இதற்கு உண்டு. வயல்களிலும் வீடுகளிலும் கூலி வேலை செய்யும் பெண்களுக்கு இத்தகைய விடுப்பு எட்டாக்கனியே.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டுக்கு ஆஷா பணியாளர் 42 நாள்களில் ஆறு முறை செல்ல வேண்டும். ஆனால் அத்திட்டம் குழந்தையை மையமாகக் கொண்டது. குழந்தை இறந்தபின் சுகாதாரப் பணியாளர் வரும்போது, இறப்புக்கான காரணத்தை அறியும் படிவமும் உடன் வருகிறது. அந்த விசாரணை அவசியமே. ஆனால் குழந்தையை இழந்த தாய்க்கும் ரத்தப்போக்கு, காய்ச்சல், தையல் புண் யாவும் மற்றத் தாய்மார்களைப் போலவே உண்டு. உறக்கமின்மை, தீராத குற்றவுணர்வு, உயிர்வாழ விருப்பமின்மை ஆகியவை கூடுதலாக இருக்கலாம். 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ஐத் தமிழ் உள்பட பல மொழிகளில் எந்நேரமும் அழைக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த எண்ணையும், அடுத்த பரிசோதனைக்கான தேதியையும், பரிசோதனைக்குக் குழந்தைகள் நல வெளிநோயாளர் பிரிவின் வழியே செல்லத் தேவையில்லாத ஓர் அறையின் எண்ணையும் செவிலியர் எழுதித் தரலாம்.