அம்மன் காசைப் புளியில் போடாதீர்கள்

புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெட்டியைத் துழாவினால் அம்மன் காசு கிடைப்பதுண்டு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. தொண்டைமான் மன்னர்களின் இந்தச் சிறு செப்புக்காசை நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கினார்கள். முதலில் கையால் அடிக்கப்பட்ட காசு, 1889ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எந்திரத்தில் அச்சாகி வந்தது. 1948ல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது காசு கறுத்திருக்கும், அல்லது களிம்பேறிப் பச்சையாக இருக்கும். "புளி போட்டுத் தேய், பளிச்சுன்னு ஆயிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பளிச்சென்று ஆகத்தான் செய்யும். பொறுமையில்லாதவர்கள் கழிப்பறை கழுவும் ஆசிட்டில் போடுகிறார்கள். அதில் இன்னும் சீக்கிரம் பளபளக்கும். இந்தச் 'சீக்கிரம்' எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

செம்பின் மேல் படியும் கறுப்பும் சிவப்பும் செப்பு ஆக்சைடுகள். பச்சைக் களிம்பில் பெரும்பாலும் காரச் செப்புக் கார்பனேட். அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் இவற்றின் மேல் மோதிக் கரைக்கின்றன. கரைசலில் அயனிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ, ஒரு நொடியில் காசின் பரப்பில் விழும் மோதல்களும் அவ்வளவு அதிகம். எல்லா மோதலும் பலிப்பதில்லை. போதிய ஆற்றலோடு வருபவை மட்டுமே பலிக்கும். ஆனால் மொத்த மோதல் கூடினால் பலிப்பவையும் கூடும். பத்தாம் வகுப்பு மாணவர் துத்தநாகத் துண்டை இருவேறு செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, எதில் குமிழ்கள் வேகமாக எழுகின்றன என்று பார்ப்பதும் இதைத்தான்.

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். நூறு கிராம் புளியில் பத்து கிராமுக்கு முன்பின் இருக்கும். ஆனால் அது வலிமை குறைந்த அமிலம். அதன் மூலக்கூறுகளில் சிறு பங்குதான் ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கும். கழிப்பறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் தன்னிடம் உள்ளதையெல்லாம் விட்டுவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவில் ஓர் எண் இறங்கினால் அயனிச் செறிவு பத்து மடங்கு ஏறும். புளியைப் போலவே புளிக்கும் எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் இரண்டுக்குச் சற்று மேல். ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சுழியம். இரண்டுக்கும் நடுவே நூறு மடங்குக்கு மேல் இடைவெளி.

இத்தகைய வினையின் வேகத்தை முதன்முதலில் கணக்காக அளந்தவர் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி. அமிலம் கலந்த நீரில் சர்க்கரை மெல்ல உருமாறுவதை, ஒளி திரும்பும் கோணத்தைக் கொண்டு 1850ல் அளந்தார். 1864ல் நார்வேயின் கூல்ட்பெர்க், வாகே ஆகிய இருவரும் செறிவுக்கும் வினைக்கும் உள்ள தொடர்பை விதியாக எழுதினார்கள். ஆனாலும் செறிவை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கும் என்று எல்லா வினைக்கும் சொல்லிவிட முடியாது. அசிட்டோனும் அயோடினும் அமிலக் கரைசலில் சேரும்போது அமிலத்தைக் கூட்டினால் வேகம் கூடும். வினையில் நேரடியாகச் செலவாகும் அயோடினைக் கூட்டினாலோ வேகம் அசையாது! சமன்பாட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் அறிய வேண்டும். வேதியியலில் என்னை மிகவும் ஈர்க்கும் இடம் இது.

செறிவு சில சமயம் வேகத்தை மட்டுமல்ல, வினையையே மாற்றிவிடும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் செம்பைப் போட்டால் நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடு பிறக்கும். அடர் அமிலத்தில் போட்டால் மூச்சை அடைக்கும் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு. அமெரிக்க வேதியியலாளர் ஐரா ரெம்சென் இளமையில் நைட்ரிக் அமிலம் செம்பின் மேல் வினைபுரியும் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, ஒரு செப்புக்காசின் மேல் அதை ஊற்றிப் பார்த்தார். நீலப்பச்சைத் திரவம் பொங்கிப் புகை கிளம்பியது. காசை எடுக்கப்போய் விரல் புண்பட்டது, கால்சட்டையும் பாழானது. இத்தகைய வினையைப் பற்றி மேலும் அறியும் ஆசை அதனால்தான் தனக்குப் பிறந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார்.

செறிவு கூடினால் அரிப்பும் கூடும் என்பதற்கு விலக்கும் உண்டு. 98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகு டேங்கர் லாரிகளில் கொண்டுபோகிறார்கள். நீர் குறைவாக இருப்பதால் அயனிகள் குறைவு. எஃகின் மேல் படியும் இரும்பு சல்பேட் படலமும் காவல் நிற்கிறது. அதே அமிலத்தை நீர்க்கச் செய்தால் இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, காரைக்குடியில், 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியப் பணிகளில் ஒன்று இத்தகைய உலோக அரிப்பை ஆராய்வது.

காசுக்கு வருவோம். செம்பு, நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றாது. ஆகவே உலோகத்துக்கு ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் காற்றின் ஆக்சிஜன் நீரில் கரைந்து செம்பை ஆக்சைடாக்கும், அமிலம் அதைக் கரைக்கும், மறுபடி ஆக்சைடு உண்டாகும். புளிக்கரைசலில் இரவு முழுக்கக் கிடக்கும் காசு தன் உடலையே இழக்கிறது. முதலில் மழுங்குவது மேலெழும்பிய பகுதிகள்: அம்மனின் முகம், எழுத்தின் விளிம்பு. சிவப்பு ஆக்சைடு கரையும்போது செம்பு மறுபடி படிந்து காசுக்கு ஓர் இளஞ்சிவப்பு நிறமும் வந்துவிடும். பழமை போய்விட்டதை அந்த நிறமே காட்டிக்கொடுக்கும்.

கழிப்பறை ஆசிட் இதைவிடக் கொடியது. அதன் குளோரைடு காசின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஈரமும் காற்றும் சேரும்போது அந்தக் குளோரைடு உள்ளேயே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் புதிய செம்பைத் தாக்கி மறுபடி குளோரைடாகும். அமிலத்தின் மொத்த அளவு துளியிலும் துளி. ஆனால் அது சிக்கியிருக்கும் குழியும் மிகச் சிறியது என்பதால் அங்கே செறிவு மிக அதிகம். வேகத்தைத் தீர்மானிப்பது அளவல்ல, செறிவு. வெளிறிய பச்சைத் தூள் காசின் மேல் புள்ளி புள்ளியாக உதிர்ந்தால் இது நடக்கிறது என்று பொருள். பழம்பொருள் காப்பாளர்கள் இதை வெண்கல நோய் என்கிறார்கள்.

ஆகவே அம்மன் காசு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் அலசி, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கி, நன்றாக உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பச்சைத் தூள் உதிர்ந்தால் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்துக்கு எடுத்துச்சென்று காட்டி ஆலோசனை கேளுங்கள்.