அவருக்கு ஓசூர், இவருக்குப் பென்னாகரம்... வீடு எங்கே?

விடிவதற்கு முன்பே தர்மபுரியில் நெடுஞ்சாலையோரம் ஆட்கள் நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள். தோளில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ், கண்ணில் பாதித் தூக்கம். ஓசூர் தொழிற்சாலைகளின் காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். அவர்களில் சிலருடைய வீட்டில், இன்னும் இரண்டு மணி நேரத்தில் மனைவியும் கிளம்ப வேண்டும். ஆனால், நேர் எதிர்த் திசையில். பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடமோ, ஆரம்ப சுகாதார நிலையமோ அவருக்காகக் காத்திருக்கும்.

ஒரு வீடு, இரண்டு வேலை, இரண்டு திசை. தர்மபுரி மாவட்டத்தில் இது புதிய கதை இல்லை. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஓசூரும் அதன் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. எல்லைக்கோடு மாறினாலும் வேலைக்குப் போகும் பாதை மாறவில்லை. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் ஏறக்குறைய 100 கி.மீ. பாலக்கோடு, ராயக்கோட்டை வழி இதைவிடக் கொஞ்சம் குறைவு. பென்னாகரமோ இந்தப் பக்கம் சுமார் 30 கி.மீ.

கணவன், மனைவி இருவரும் அரசு ஊழியர் என்றால் ஓரளவு வழி இருக்கிறது. கூடியவரை தம்பதியை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டு, 2009-ல் அதை இன்னும் வலுவாக்கியது. தமிழக ஆசிரியர் மாறுதல் கலந்தாய்விலும் தம்பதியர் முன்னுரிமை உண்டு. ஒருவர் தனியார் கம்பெனி, இன்னொருவர் அரசு வேலை என்றால், கலந்தாய்வு வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும்!

அந்தக் கலந்தாய்வில் முதலில் வரும் யோசனை, ‘ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஊரு பார்ப்போம்’ என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், நடுவில் வீடு எடுத்தால் இருவருமே தூரம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், இருவரில் ஒருவரும் அரை மணி நேரத்தில் போய்ச் சேர முடியாது. அதைவிட, ஒருவருக்காவது வேலை பக்கத்தில் இருக்கும்படி வீடு அமைவது நல்லது. அந்த ஒருவர் யார் என்பதுதான் கஷ்டமான கேள்வி.

பெரும்பாலும் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்: ‘நீ பக்கத்துல ஏதாவது வேலை பார்த்துக்கோயேன்.’ சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுப்பது அநேகமாக மனைவிதான். சுவீடனில் உமேயா பல்கலைக்கழக ஆய்வாளர் எரிக்கா சாண்டோ, வேலைக்காக நெடுந்தூரம் போய்வரும் தம்பதிகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். போக மட்டும் 45 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும் குடும்பங்களில் பிரிவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவிகிதம் அதிகம் என்று கண்டார். முதல் சில வருடங்கள்தான் மிகக் கடினம். அதைத் தாண்டியவர்கள் பழகிக்கொள்கிறார்கள். கணவன் தூரமாக வேலைக்குப் போகும் வீட்டில் மனைவியின் வேலை சுருங்குவதையும் அவர் கவனித்திருக்கிறார். சுவீடனுக்கும் பாலக்கோட்டுக்கும் எவ்வளவோ வித்தியாசம். இந்த ஒரு விஷயத்தில் அவ்வளவு இல்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால், மாதம் 25 வேலை நாளில் 50 மணி நேரம். அதாவது இரண்டு முழு நாளுக்கும் மேல் பஸ்ஸிலேயே போகிறது. ஓசூரில் வாடகை கூடுதல்தான். ஆனால், அந்தக் கூடுதல் வாடகைக்குப் பக்கத்தில் பஸ் கட்டணத்தையும் இந்த 50 மணி நேரத்தையும் எழுதிப் பார்த்தால், சில வீடுகளுக்கு விடை மாறிவிடும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. பெண்களுக்கான விடியல் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஆகவே மனைவியின் பணியிடத்துக்கு டவுன் பஸ் ஓடும் தடத்தில் வீடு கிடைத்தால், மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும். கணவருக்குக் கம்பெனி பஸ் வருமென்றால், அது நிற்கும் இடத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் வீடு இருக்கட்டும். இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் கண்டம்.

சேலம் பக்கம் வேலை என்றால் தொப்பூர் கணவாயை மறக்கக் கூடாது. ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், அன்று எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரயில்? கோவை-பெங்களூரு வந்தே பாரத் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தர்மபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது. காலை ஷிப்ட்காரருக்கு அதனால் பயனில்லை. மொரப்பூர்-தர்மபுரி பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 1906-ல் தொடங்கிய அந்தச் சின்ன ரயில் 1941-ல் போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டது. மீண்டும் பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதை நம்பி இன்றைக்கு வீடு பார்க்க முடியாது.

தண்ணீரையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். வளரும் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் அது பாதிக்கும். அதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013-ல் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. வீட்டுக்காரர் ‘போர் தண்ணி இருக்கு’ என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாமல், ‘ஒகேனக்கல் தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருது?’ என்று கேளுங்கள். பதிலைப் பக்கத்து வீட்டிலும் கேட்டுச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, இருவரும் அந்த வீட்டு வாசலிலிருந்தே அவரவர் வேலைக்குக் கிளம்பிப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வந்து பாருங்கள். மழை நாளாக இருந்தால் ரொம்ப நல்லது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஸ்டாப்பிலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா என்பதெல்லாம் புரோக்கர் சொல்லித் தெரியாது. நெடுஞ்சாலையோர மனைப்பிரிவு போர்டுகளில் எழுதியிருக்கும் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்’ யாருடைய 10 நிமிடம் என்பதும் அப்படித்தான். மனை வாங்க அவசரப்படாமல், முதலில் 11 மாத வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடியேறுங்கள். அதற்குள் ஒரு மழைக்காலமும், பிள்ளைகளின் ஒரு முழுப் பரீட்சையும் வந்து போயிருக்கும்.