உதிர்வது முடி, உறங்குவது வேர்

வழுக்கைத் தலையில் முடி நடும் மருத்துவத்தை இன்று பலரும் நாடுகின்றனர். பின்தலையில் உள்ள மயிர்க்கால்களை வழுக்கை எளிதில் தாக்குவதில்லை. அவற்றை எடுத்து முன்தலையில் நட்டாலும் அவை தம் இயல்பை இழப்பதில்லை. இவ்வுண்மையை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆயினும், நட்ட 2 முதல் 6 வாரங்களுக்குள் அம்முடிகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். தலையணையில் அவற்றைக் காண்போர், செலவும் நம்பிக்கையும் ஒருங்கே வீணாயினவோ என்று கலங்குவர். கலங்க வேண்டுவதில்லை. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்று, வேர் பிடிக்குமுன் சில நாள் வாடி மஞ்சளிப்பதை உழவர் அறிவர். மயிர்க்காலும் அத்தகையதே. இடம் பெயர்க்கும்போது அதற்குரிய குருதியோட்டம் அறுபடுகிறது. அவ்வதிர்ச்சியால் அது ஓய்வுநிலை எய்திப் பழைய முடியைக் கழற்றிவிடுகிறது. மயிர்க்காலோ தோலினுள் உயிருடன் உறங்குகிறது. 3 அல்லது 4 திங்களில் மெல்லிய முடி அரும்பும். முழுப் பயன் காண ஓராண்டு ஆகும்.

அருகில் முன்பே இருந்த முடியும் சிறிது உதிர்வதுண்டு. அதில் பெரும்பகுதி மீண்டும் வளரும். முன்னரே நலிந்திருந்தவை வளராமற் போகலாம். இவற்றை முன்கூட்டியே எடுத்துரைத்தல் மருத்துவரின் கடமையாகும்.

நட்ட இடத்தில் சீழ், மிகுகின்ற வலி, குருதிக் கசிவு ஆகியன தோன்றினாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவை இல்லாதார்க்குப் பொறுமையே மருந்து.