ஈரக் கடலையில் ஈரலுக்கு எமன்!

1960-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்து செத்து விழுந்தன. தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடைசியில், தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சணம் சுரந்த நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். மனிதர்களுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று இது இன்று உறுதியாகியிருக்கிறது.

உலகில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 8.6 லட்சம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 7.5 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பங்கு ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களால் வருவது. பிறந்த குழந்தைக்கே 'பி' தடுப்பூசி போடுவதால் பல நாடுகளில் அந்த வழி அடைபட்டு வருகிறது. ஆனால் மது, உடல்பருமன், சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல் ஆகியவை புதிய வழிகளைத் திறந்துவிட்டிருக்கின்றன.

'பி' வைரஸ் உள்ளவர் அஃப்ளாடாக்சினையும் சாப்பிட்டால், ஆபத்து பல மடங்கு பெருகும். இதற்குச் சீனாவின் சீதோங் பகுதியே சாட்சி. யாங்சி ஆற்று முகத்துவாரத்தில் உள்ள அந்தப் பகுதியில் மக்காச்சோளமே முக்கிய உணவு; கல்லீரல் புற்றுநோயும் மிக அதிகம். 1980-களில் மக்கள் அரிசிக்கு மாறினார்கள். உடலில் நஞ்சின் அளவு சரிந்தது. பின்னாலேயே சாவும் குறைந்தது. தடுப்பூசி போடாத தலைமுறையிலும் இது நடந்தது. அதிலும் 'பி' வைரஸ் உள்ளவர்களுக்கே பலன் அதிகம்.

நாம் கடலையை விட வேண்டியதில்லை. பூஞ்சணத்தை விட்டால் போதும். கடைசிக் கட்டத்தில் வறட்சி தாக்கிய கடலையில் பூஞ்சணம் எளிதில் புகும். முற்றியதும் தாமதிக்காமல் பிடுங்குங்கள். மண்வெட்டி பட்ட காய், ஓட்டைக் காய், சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்குக் கீழே வரும்வரை காய வையுங்கள். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். தோல் உரிக்கச் சுலபம் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஒதுக்கிய கடலையையும் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் 'மாடு தின்னட்டும்' என்று போட்டால், நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி, நம் வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கே திரும்பி வரும்.