அந்தியானால் வீறிட்டு அழும் பிள்ளை

பால் குடித்தாயிற்று. துணி மாற்றியாயிற்று. காய்ச்சலும் இல்லை. ஆனாலும் பின்னேரம் ஐந்து, ஆறு மணியானதும் பிள்ளை முகம் சிவந்து, கைகளைப் பொத்திக்கொண்டு, கால்களை வயிற்றோடு மடக்கி வீறிடுகிறது. போன வாரம் வரை இப்படி இல்லை. தோளில் போட்டாலும் அடங்கவில்லை, மார்பில் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டு மணி நேரம் வீட்டையே கலக்கிவிட்டுத் தானாகத் தூங்கிப்போகிறது. மறுநாள் அதே நேரம், அதே அழுகை.

கண்டியில், கட்டுகலையில் மாடி வீடானாலும் ஹந்தானையில் தோட்ட லயமானாலும், இந்த நேரத்தில் எழும் பேச்சு ஒன்றுதான். கண்ணூறு பட்டுவிட்டது, தாய் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, ஊசி போட்டதால் வந்த வினை. மூன்றிலும் பழி வந்து விழுவது பிரசவ அலுப்பே தீராத தாயின் தலையில். பெரும்பாலான பிள்ளைகளிடம் இந்த அழுகைக்கு யாருடைய பிழையும் காரணமில்லை. அது இந்த வயதுக்குரியது. வந்து, ஏறி, தானே இறங்கும்.

அழுகை ஏறி இறங்கும் காலம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசில்டன் 1962இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆரோக்கியமான பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் அழுகின்றன என்று தாய்மாரைக் குறித்து வைக்கச் சொன்னார். இரண்டாம் வாரத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக உயர்ந்தது. பிறகு மெல்லக் குறைந்து, பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு மணி நேரமளவுக்கு வந்தது. அந்த அழுகை பின்னேரத்திலும் முன்னிரவிலும்தான் குவிந்திருந்தது. பின்னர் வேறு நாடுகளில் பார்த்தவர்களும் முதல் வாரங்களில் கூடிப் பிறகு குறையும் இதே போக்கைக் கண்டார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த வாரங்களைப் பிரசவம் எதிர்பார்த்த திகதியிலிருந்து எண்ண வேண்டும்.

அழுகை மிகவும் நீளும்போது மருத்துவர்கள் அதைக் கோலிக் என்கிறார்கள். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் என்ற பழைய அளவை 1954இல் மொரிஸ் வெஸ்ஸல் வகுத்தார். இன்று மணிக்கணக்குக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதில்லை. பிள்ளை பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா, அழாத நேரத்தில் நன்றாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கடந்துவிடும்.

இந்த வாரங்களை நம் வீட்டு நாட்களோடு பொருத்திப் பாருங்கள். 31ஆம் நாள் துடக்குக் கழித்து, சொந்தபந்தம் வந்து பிள்ளையைக் கைமாற்றித் தூக்கும் காலத்தில் அழுகை ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே வந்தவர் கண் பட்டதாகத் தோன்றுகிறது. இரண்டு மாதத்தில் கிளினிக்கில் ஊசி போடும்போது அழுகை உச்சத்தை ஒட்டி நிற்கிறது. ஆகவே ஊசியைக் குறை சொல்கிறோம். ஊசியால் வரும் சிணுங்கலும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். வாரக்கணக்கில் அந்திதோறும் வரும் அழுகைக்கு ஊசி காரணமல்ல. ஊசிதான் காரணம் என்று நம்பி நான்காம் மாத ஊசியைத் தவறவிட்டால், பிள்ளைக்குக் கக்குவான் போன்ற மெய்யான ஆபத்து வரலாம்.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

"இந்த வயதில் எல்லாப் பிள்ளையும் அழும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. திடீரென்று, வழக்கமில்லாத தொனியில் பிள்ளை அழுதால், நல்ல வெளிச்சத்தில் உடுப்பைக் கழற்றித் தலை முதல் கால் வரை பாருங்கள். கால்விரலிலோ ஆண்குறியிலோ தாயின் தலைமுடி ஒன்று சுற்றி இறுக்கியிருக்கலாம். பிரசவத்துக்குப் பின் முடி கொட்டும் மாதங்களில் இது நடப்பதுண்டு. கவட்டில் வீக்கம், விதைப்பையில் சிவப்பு, கண்ணில் கீறல், மடிப்புகளில் புண், பூச்சிக்கடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்:

- மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- பச்சை நிற வாந்தி, அல்லது ஒவ்வொரு முறை குடித்ததும் பீய்ச்சியடிக்கும் வாந்தி
- மலத்தில் இரத்தம். வயிறு கல்லாக உப்பியிருத்தல்
- சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளிறிப்போய், காலை மடக்கி அலறி, இடையில் துவண்டு கிடத்தல்
- பால் குடிக்க மறுத்தல், வழக்கத்தைவிடச் சிறுநீர் நன்றாகக் குறைதல்
- உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம்
- விழுந்த பின், அல்லது யாராவது குலுக்கிய பின் தொடங்கிய அழுகை

கண்டிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கென்றே பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கம் இருப்பவர்கள் இரவில் முச்சக்கரவண்டி தேடி அலைய வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. கம்பளை, நாவலப்பிட்டி அரச வைத்தியசாலைகள் பக்கமென்றால் முதலில் அங்கே போங்கள்.

பிறகு ஆற்றுங்கள்

ஆபத்து எதுவும் இல்லையென்றால் எளியதிலிருந்து தொடங்குங்கள். அரை மணிக்கு முன்தான் குடித்திருந்தாலும் திரும்பவும் மார்பில் வைத்துப் பாருங்கள். இந்த வாரங்களில் பின்னேரம் அடுத்தடுத்துப் பால் கேட்பது இயல்பு. பால் போதவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் எடுங்கள்.

பிடரியைத் தொட்டுப் பாருங்கள். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி, தை இரவுகளில் குளிரும். அந்தக் குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர், குல்லா, கம்பளி என்று அடுக்கிவிடுகிறோம். பிடரி வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். பெரியவர் உடுத்துவதைவிட ஒரு துணி கூடுதலாக இருந்தால் போதும். விறகடுப்புப் புகையும் சாம்பிராணிப் புகையும் பிள்ளை இருக்கும் அறைக்கு வேண்டாம்.

இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளை ஒன்று, ஒன்றரை மணி நேரம் விழித்திருந்தாலே களைத்துவிடும். களைப்பு மிஞ்சினால் தூக்கம் வராது, அழுகைதான் வரும். அப்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள், விளக்கைக் குறையுங்கள், பிள்ளையைக் கைமாற்றாமல் ஒருவரே வைத்திருங்கள். பெரஹெரா நாட்களில் நகரத்துக்குள் வீடு உள்ளவர்கள் பிள்ளையைச் சத்தம் குறைந்த பின்னறைக்கு மாற்றலாம்.

தூக்கினால் பழகிவிடும் என்று பயப்பட வேண்டாம். 1986இல் மொன்றியலில் ஹன்சிக்கரும் பாரும் செய்த ஆய்வில், முதல் வாரங்களிலேயே கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறாம் வாரத்தில் 43 வீதம் குறைவாக அழுதன. ஏற்கனவே கோலிக் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு இவ்வளவு பலனை எதிர்பார்க்க முடியாது. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். அழும் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நடங்கள். தூங்கியதும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு கிடத்துங்கள். சமதரையில் நடங்கள், தூக்கக் கலக்கத்தில் பிள்ளையோடு நம் ஊர்ப் படிக்கட்டுகளில் ஏறி இறங்க வேண்டாம். தூங்கிய பிள்ளையை மல்லாக்கக் கிடத்துங்கள்.

கொடுக்கக் கூடாதவை

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சீனித் தண்ணீர், ஓமத் தண்ணீர், உரைத்த வசம்பு எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆகாது. அதிலிருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வர்ட் தயாரித்த மருந்து. அந்தக் காலத்தில் அதில் மதுசாரமும் சீனியும் இருந்தன. இன்று மதுசாரம் இல்லை. கோலிக்கைக் குணப்படுத்தும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை. வயிற்றுவலிக்கென்று பெரியவர்களுக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு மூச்சை நிறுத்தும் அளவுக்கு ஆபத்தானது. வீட்டில் மிச்சமிருக்கிறது என்று தொடவே வேண்டாம்.

தாயின் சோற்றுக் கோப்பையிலிருந்து பருப்பையும் மீனையும் காய்கறியையும் எடுத்துவிடாதீர்கள். அவளுக்கு அவை தேவை. மலத்தில் இரத்தமோ சளியோ, தோலில் கரப்பானோ இருந்தால் மட்டும் பசுப்பால் ஒவ்வாமை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். பிளேன்டீயை மட்டும் எண்ணிக் குடிக்கலாம். கஃபீனை உடலிலிருந்து வெளியேற்றச் சின்னப் பிள்ளைக்கு நாட்கணக்காகும். இரண்டு, மூன்று கோப்பையால் கெடுதல் இல்லை. நாள் முழுக்கக் கடுந்தேயிலை என்றால் குறைத்துப் பாருங்கள்.

தாயைப் பார்ப்பது யார்?

ஓயாத அழுகை எந்த நல்ல மனத்தையும் உடைக்கும். கோபம் தலைக்கேறுவதாக உணர்ந்தால் பிள்ளையை மல்லாக்கப் பாதுகாப்பான இடத்தில் கிடத்திவிட்டு, 5, 10 நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அந்த நேரம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் ஒருமுறை குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து பார்வையோ உயிரோ போகலாம்.

தோட்டத்தில் வேலை செய்யும் தாய்க்குப் பிரசவ விடுமுறை பன்னிரண்டு வாரம். பேற்றுக்கு முந்திய இரண்டு வாரம் போக, கையில் மிஞ்சுவது பத்து வாரம். அழுகை இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை தோட்டத்துப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவுக்கு. வேலை நேரத்தில் பாலூட்டச் சட்டப்படி இரண்டு இடைவேளைகள் உண்டு. கேட்டு வாங்குங்கள், அது சலுகை அல்ல. பிள்ளைக்காம்பராவில் பார்ப்பவரிடம் எந்த நேரத்தில் அழும், எப்படிப் பிடித்தால் அடங்கும் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் பிள்ளையின் எடையோடு உங்கள் மனநிலையையும் சொல்லுங்கள். பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமலிருப்பது, இரண்டு வாரமாக நீங்காத துக்கம், பிள்ளையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடுவேன் என்ற எண்ணம் ஆகியவை நோயின் அடையாளங்கள், மருந்தும் உண்டு. தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கணவருக்கும் மாமியாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். காரணம் சொல்ல வராதீர்கள். அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு நடங்கள். தாய் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும். இந்த அழுகைக்கு இன்று நம்மிடம் இருப்பவற்றில் இதைவிட நல்ல உதவி இல்லை.