பாதியில் அணையும் கலர் மெழுகுவர்த்தி! குற்றவாளி யார்?

புதுக்கோட்டை,

கலர் மெழுகுவர்த்தி பார்க்க ஜோர்தான். பற்ற வைத்தால்? கொஞ்ச நேரம் நன்றாக எரிகிறது. பிறகு ‘பட், பட்’ என்று பொரிகிறது. சுடர் சுருங்குகிறது. கடைசியில் அணைந்தே போகிறது!

“என்னங்க, பாதியிலேயே அணைஞ்சு போச்சே?” என்று வாங்கியவர் கடைக்காரரைக் கேட்கிறார். கடைக்காரர், வீட்டில் செய்து கொண்டு வந்து போட்ட அம்மாவைக் கேட்கிறார். அந்த அம்மா திரியைக் குறை சொல்கிறார், மெழுகைக் குறை சொல்கிறார்.

ஆனால் பல சமயம் குற்றவாளி வேறு ஆள். மெழுகில் போட்ட ஒரு சிட்டிகை சாயப்பொடிதான் அது!

கல்லறையிலும் வேணும், கரண்டு போனாலும் வேணும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மெழுகுவர்த்திக்கு எப்போதும் தேவை உண்டு. நவம்பர் 2-ந்தேதி கல்லறைத் திருநாளன்று கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் வரிசையாக ஏற்றுகிறார்கள். ஆவூர் பெரியநாயகி மாதா கோவில் போன்ற இடங்களில் நேர்ந்து கொண்டு ஏற்றுகிறவர்களும் உண்டு.

2018 நவம்பர் 16-ந்தேதி ‘கஜா’ புயல் அடித்தபோது மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை பக்கத்துக் கிராமங்களில் நாள் கணக்கில் இருட்டு. அப்போது மெழுகுவர்த்தியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

வெறும் வெள்ளை மெழுகுவர்த்தியில் லாபம் குறைவு. கலர் போட்டால் கூடுதல் விலைக்குப் போகும். அதனால்தான் வீட்டில் தொழில் செய்கிறவர்கள் கலரில் கை வைக்கிறார்கள். அங்கேதான் முதலுக்கே மோசம் வருகிறது!

அடைபடும் திரி

சுடரின் சூட்டில் மெழுகு உருகி, திரியைச் சுற்றிக் குழியில் தேங்குகிறது. அந்த உருகிய மெழுகை நூல் திரி மேலே உறிஞ்சுகிறது. அங்கே அது ஆவியாகி எரிகிறது. திரியின் நுண்ணிய இடுக்குகளில் தூள் அடைத்துக் கொண்டால் மெழுகு மேலே ஏறாது. சுடர் பட்டினி கிடந்து சாகிறது!

லண்டனில் மைக்கேல் பாரடே என்ற பிரபல விஞ்ஞானி, 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் மெழுகுவர்த்தியை வைத்தே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். அழகுக்காக உடம்பெல்லாம் வரி வரியாகப் பள்ளம் போட்ட மெழுகுவர்த்தியில் குழி சரியாக அமையாது, அது ஒழுங்காக எரியாது என்று அப்போதே விளக்கினார். கலர் விஷயத்திலும் இதே கதைதான். கண்ணுக்கு அழகாக இருப்பதெல்லாம் எரிவதற்கு உதவாது.

கேசரி பவுடர் ஆகாது!

வீட்டில் முதலில் கைக்கு அகப்படுவது கேசரி பவுடர். அடுத்தது துணிச் சாயம், சொட்டு நீலம். இவை தண்ணீரோடு சேரும் சரக்கு. மெழுகோ எண்ணெய் ஜாதி. இரண்டும் ஒட்டாது. தண்ணீராகக் கலக்கி ஊற்றினால் முத்து முத்தாகத் தனியே நிற்கும். எரியும்போது பொரிவது இந்த முத்துக்கள்தான். பீட்ரூட் சாறும் செம்பருத்திச் சாறும் இதே ரகம்.

வண்ணக் கோலப்பொடி, காவிப்பொடி, குங்குமம் ஆகியவை கரையவே கரையாத தூள். அடியில் போய்த் தங்கும். மிதக்கும் தூள் திரியை அடைக்கும். பிள்ளைகள் படம் வரையும் மெழுகுக் கலர் குச்சியிலும் இப்படிப்பட்ட தூள் உண்டு. அதை அதிகம் போட்டாலும் ஆபத்துதான்.

பெயிண்ட் தூள் பக்கமே போகக் கூடாது. சில மஞ்சள் தூள்களில் ஈயம் இருக்கும். மூடிய அறையில் அதை எரித்தால் புகையோடு விஷமும் மூக்கில் ஏறும். உஷார்!

நாட்டு மருந்துக் கடையில் ஒரு சிவப்பு

தொழிலுக்கு ஏற்றது, எண்ணெயில் கரையும் சாயம். மெழுகுவர்த்திக்கு என்றே கேட்டு வாங்க வேண்டும். 1 கிலோ மெழுகுக்கு அரை கிராம் முதல் 2 கிராம் வரை போதும். அளவுக்கு மீறினால் இதுவும் எரிவதைக் கெடுக்கும்.

நாட்டுச் சரக்கிலும் வழி இருக்கிறது. தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயில் வேம்பாளம் பட்டையைப் போட்டால் எண்ணெய் சிவப்பாகிறது அல்லவா? அந்தச் சாயம் மெழுகிலும் இறங்கும். உருகிய மெழுகில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். மஞ்சள் தூளும் கலர் கொடுக்கும். ஆனால் சக்கையை வடிகட்டாவிட்டால் திரி போச்சு! மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்தும் போகும்.

வாங்கும்போதே பிடிக்கலாம்!

கீழ ராஜ வீதியில் வாங்கினாலும் சரி, அறந்தாங்கியில் வாங்கினாலும் சரி. முதலில் ஒரு சிறு பொட்டலம் மட்டும் வாங்குங்கள். லேசாகச் சூடாக்கிய தேங்காய் எண்ணெயில் துளி போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெய் கண்ணாடி போல் கலர் ஏறித் தெளிவாக நின்றால் நல்ல சரக்கு. தூள் அடியில் படிந்தால் மெழுகுக்கு ஆகாது.

கரையாத தூளைத்தான் வாங்கியாகி விட்டதா? அதற்கும் வழி உண்டு. வெள்ளை மெழுகில் மெழுகுவர்த்தி செய்துவிட்டு, கலர் மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுங்கள். வெளியே மெல்லிய கலர், உள்ளே சுத்த வெள்ளை. திரிக்கு அவ்வளவாகத் தொந்தரவு இல்லை.

சூடாக இருக்கும்போது கலர் கறுப்பாகத் தெரியும். ஆறினால் வெளுக்கும். அதனால் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, ஆறிய பிறகு பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அடுப்படியில் அபாயம்!

மெழுகு உருக சுமார் 55 முதல் 65 டிகிரி சூடு போதும். மெழுகுச் சட்டியை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். 200 டிகிரியை நெருங்கினால் மெழுகு ஆவி ‘குப்’பென்று பற்றிக் கொள்ளும்!

பற்றிக் கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிட வேண்டும். கை மீறினால் தீயணைப்பு நிலையத்துக்கு 101.

கெட்டதும் வீணில்லை

அணைந்து போன கலர் மெழுகுவர்த்திகளைக் குப்பையில் போட வேண்டாம். வெந்நீர்ப் பாத்திர முறையில் மறுபடி உருக்கி, அசைக்காமல் ஆறவிடுங்கள். மெழுகு தண்ணீரைவிட லேசு. தண்ணீரும் தூளும் அடியில் இறங்கிவிடும். கட்டியான பிறகு அடிப்பகுதியைச் சீவி எறிந்தால், மேலே உள்ள மெழுகு மறுபடி உதவும்.

கலர் சரியாக வந்தாலும் அவசரப்பட்டுக் கடைக்கு அனுப்பக் கூடாது. ஒரு நாள் ஆறவிட்டு, ஒன்றை எடுத்துக் கடைசி வரை எரித்துப் பாருங்கள். முழுதாக எரிந்தால் மற்றவற்றைக் கட்டுங்கள். கடைக்காரர்களும் வெயில் படும் முகப்பில் அடுக்காமல், காகிதம் சுற்றி உள்ளே வைத்தால் கலர் நிற்கும்.

ஒரு மெழுகுவர்த்தி வீணாகிறதே என்று பார்த்தால், பெட்டியோடு திரும்பி வரும்!